உயிர் காப்போரின் உணவும் ஓர் அமானிதமே







நள்ளிரவில் அயல்வீடு தீப்பற்றி எரிந்தால் 110 என்ற இலக்கத்தை அழைக்கின்றோம். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால் 1990 என்ற இலக்கத்தை அழுத்துகின்றோம். சில நிமிடங்களில் சீருடை அணிந்த மனிதர்கள் நமது வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் அந்த இரவில் என்ன உண்டார்கள், எப்போது உண்டார்கள், பல்லாண்டுகளாக அவ்வாறு உண்டு வந்ததனால் அவர்களது உடல் என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றைய உரையில் அதனைப் பற்றியே உங்களோடு பேச விழைகின்றேன்.

சமூகத்தில் சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் மீதிருந்து பொறுப்பு நீங்கிவிடும் கடமைகளை 'பர்ளு கிபாயா' என்று மார்க்க அறிஞர்கள் வகுத்துள்ளனர். ஆபத்தில் சிக்கிய ஓர் உயிரை மீட்பதும் அவ்வகையைச் சார்ந்ததே. ஒரு மனித உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தை சூரத்துல் மாஇதாவின் 32ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா எடுத்துரைக்கின்றான். அப்படியாயின், தீயணைப்பு வீரரும் அம்பியூலன்ஸ் பணியாளரும் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுதும் விழித்திருக்கும் தாதியும் நம் அனைவரின் தோள்களிலிருந்த சுமையைத் தம் தோள்களில் ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களது உடல் நலம் அவர்களுக்கு மாத்திரம் உரிய விடயமன்று.

இப்போது இத்தொழிலில் மறைந்துள்ள ஆபத்தைப் பார்ப்போம். தீயணைப்பு வீரரின் எதிரி நெருப்பு மட்டுமே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கின்றோம். நெருப்பு அணைந்த பின்னரும் புகைக்கரி அவரை விட்டு அகல்வதில்லை. கரிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றுமன்று. 1775ஆம் ஆண்டிலேயே இலண்டன் நகரின் சத்திர சிகிச்சை நிபுணர் பெர்சிவல் பொட் என்பவர், புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி அகற்றும் தொழிலாளர்களுக்கு விதைப்பையின் தோலில் ஒருவகைப் புற்றுநோய் ஏற்படுவதை எழுதி வைத்தார். தொழிலினால் புற்றுநோய் உண்டாகும் என்பதற்கு மருத்துவம் முதன்முதலில் கண்ட சான்றுகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகின்றது. சிறு பிராயத்திலேயே அத்தொழிலில் தள்ளப்பட்ட ஏழைச் சிறுவர்கள் வளர்ந்து ஆளான பின்பே நோய் வெளிப்பட்டது. ஆண்டுகள் பல கழித்தே தன் முகத்தைக் காட்டும் நோய் இது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம், 2022 ஜூன் மாதம் 8 நாடுகளைச் சேர்ந்த 25 விஞ்ஞானிகளை ஒன்றுகூட்டி இவ்விடயத்தை ஆராய்ந்தது. அதன் முடிவில், தீயணைப்புத் தொழிலினால் உடலுக்கு ஏற்படும் வெளிப்பாட்டினை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. முதலாம் தொகுதி என்பது சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகின்றதேயன்றி, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைக் காட்டுவதன்று. நுரையீரலைச் சூழ்ந்துள்ள மென்சவ்வில் தோன்றும் புற்றுநோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று இருப்பதாக அவர்கள் கண்டனர். பெருங்குடல், புரோஸ்டேட் சுரப்பி உள்ளிட்ட வேறு சில உறுப்புகளின் புற்றுநோய்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட அளவிலான சான்று இருப்பதாகவும் கூறினர்.

2001 செப்டெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்தபோது, அந்நகரின் தீயணைப்புப் படையினர் 343 பேர் அன்றைய தினமே உயிரிழந்தனர். இடிபாடுகளின் தூசியையும் நச்சுப் புகையையும் சுவாசித்து, அதனால் உண்டான நோய்களினால் பின்னைய ஆண்டுகளில் மரணித்த வீரர்களின் தொகை 2023 செப்டெம்பரில் அதே 343ஐ எட்டியது. அந்நோய்களுள் புற்றுநோயின் பங்கு பெரியது. ஒரு நாளில் விழுந்தவர்களைப் போன்றே இன்னுமொரு படை மெல்ல மெல்ல விழுந்தது. நமது நாட்டிலும் 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பாலுள்ள கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 25 தொன் நைத்திரிக் அமிலமும் பிளாஸ்டிக் மூலப்பொருட்களும் ஏற்றி வந்த அந்தக் கப்பலின் தீயை அணைப்பதற்கு அருகே சென்றவர்களும் மனிதர்களே. அவர்களுக்கும் வீட்டில் காத்திருக்கும் உம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இனி இரவுக் கடமைக்கு வருவோம். இதே சர்வதேச முகவரகம் இரவு நேர வேலைமுறையைப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாகக் கருதப்படும் தொகுதியில் 2007இல் சேர்த்து, 2019இல் அம்முடிவை மீண்டும் உறுதிப்படுத்தியது. அங்கே சுட்டப்பட்டவை மார்பகம், புரோஸ்டேட் சுரப்பி, பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்கள். தீயணைப்புத் தொழிலிலும் பெருங்குடல் பேசப்பட்டது. இங்கும் பெருங்குடல் பேசப்படுகின்றது. உணவின் பக்கம் வந்தால், சொசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சிகளை 2015ஆம் ஆண்டு முதலாம் தொகுதியில் சேர்த்ததற்குக் காரணமும் பெருங்குடல் புற்றுநோயே. உடற்பருமன் 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று 2016இல் கூறப்பட்டபோது அந்தப் பட்டியலிலும் பெருங்குடல் இருந்தது. நான்கு பாதைகள் ஒரே சந்தியில் வந்து முட்டுகின்றன. முதலிரண்டு பாதைகளும் தொழிலினால் வருபவை. ஊழியர் அவற்றை முற்றாக விட்டு விலக முடியாது. பின்னிரண்டு பாதைகளும் அவரது தட்டிலிருந்து வருபவை.

இங்கே ஒரு வார்த்தையை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். உணவைத் திருத்திக்கொண்டால் புகையின் நஞ்சு முறிந்துவிடும் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். கல்நார்த் தூசியைச் சுவாசித்ததன் விளைவைக் கீரையால் துடைத்தெறிய முடியாது. தீயணைப்பு வீரருக்கு முதல் அரண் சுவாசக் கவசமும் கழுவிய உடையுமே. அவற்றைப் பெற்றுக் கொடுப்பது நிருவாகத்தின் பொறுப்பு. எனினும், புற்றுநோய்களுள் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கப்படக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அந்தப் பங்கில் புகையிலை, உணவு, உடற்பருமன் முதலியவை அடங்கும். தொழிலால் ஏற்கனவே ஒரு சுமையைத் தூக்கியவர், வாயினால் இன்னொரு சுமையையும் ஏற்றிக்கொள்ளாதிருப்பதே நாம் இங்கு நாடும் விடயம்.

உங்கள் உடலுக்கு உங்கள் மீது உரிமை உண்டு, உங்கள் கண்ணுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்களுக்கு உணர்த்தியமை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர் பகலெல்லாம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கியவர். வணக்கத்திற்கே இந்த எல்லை என்றால், தொழிலைக் காரணம் காட்டி உடலை வருத்துவதற்கு எவ்வாறு இடமுண்டு?

சரி, இரவுக் கடமையில் இருக்கும் ஒருவர் நம் நாட்டில் எதை உண்ணுகிறார்? பன்னிரண்டு மணிக்குக் கொத்து ரொட்டி. இரண்டு மணிக்கு ஒரு ரோல்ஸ், ஒரு பெட்டிஸ், அதனோடு சீனி கூடிய பிளேன்டீ. நான்கு மணிக்கு மீண்டும் ஒரு பிளேன்டீயும் பிஸ்கட்டும். விடிந்து வீடு சேர்ந்ததும் முந்தைய நாள் இறைச்சிக் கறியோடு வயிறு நிறைய வெள்ளைச் சோறு. அதன் பின் உறக்கம். இதனை நான் பழித்துரைக்கவில்லை. அந்நேரத்தில் திறந்திருக்கும் கடைகளில் அதைத்தான் விற்கிறார்கள். களைத்த உடல் எண்ணெயையும் சீனியையும் தேடுவதும் இயல்பே. ஆனால் மனித உடல் இரவில் உறங்குவதற்கென்றே படைக்கப்பட்டது. இரவை அமைதிக்குரியதாகவும் பகலை வாழ்வாதாரத்திற்குரியதாகவும் ஆக்கியதாக அல்லாஹ் அல்குர்ஆனில் பல இடங்களில் நினைவூட்டுகின்றான். நள்ளிரவுக்குப் பின் உண்ணும் மாவையும் சீனியையும் கையாளும் ஆற்றல் உடலுக்குக் குறைந்துவிடுகின்றது. இரத்தத்தில் சீனி கூடுதல் நேரம் தங்குகின்றது. காலப்போக்கில் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கின்றது. புற்றுநோயோடு தொடர்புபட்டது அந்தக் கொழுப்பே.

சீனிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓர் இரவில் ஆறு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் பன்னிரண்டு தேக்கரண்டியாகின்றது. ஏறத்தாழ 50 கிராம். ஒரு வளர்ந்த மனிதருக்கு நாள் முழுவதற்கும் இதைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தேநீரே தொட்டுவிடுகின்றது. பிஸ்கட்டையும் மென்பானத்தையும் நான் இன்னும் எண்ணவேயில்லை!

ஆகவே இரவுக் கடமைக்குச் செல்பவர், பிரதான உணவைக் கடமைக்குப் புறப்படும் முன்னரே, மாலையில் அல்லது இஷாவையொட்டி வீட்டிலேயே முடித்துக்கொள்வது நலம். நடுநிசிக்கும் சுபஹுக்கும் இடையில் பசித்தால் சிறிதளவு உண்ணலாம். கடமை முடிந்து வந்ததும் இலகுவான காலையுணவு, பின்னர் உறக்கம். இதனைச் செய்வதற்கு மருந்துக்கடை தேவையில்லை. வீட்டிலிருந்து செல்லும் ஓர் உணவுப் பொதி போதுமானது.

தாய்மார்களே! மனைவியரே! அந்தப் பொதியைப் பற்றித்தான் உங்களோடு சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த எதையும் நான் கூறப்போவதில்லை. தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு, பருப்புக் கறி, ஏதாவதொரு கீரைச் சுண்டல், ஒரு துண்டு மீன். இது நமது மூத்தவர்கள் உண்ட உணவு. முருங்கை இலை வேலியில் நிற்கிறது. வல்லாரையும் பொன்னாங்காணியும் சந்தையில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. தவிட்டிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள நார்ச்சத்து பெருங்குடலில் கழிவு நெடுநேரம் தங்காமல் நகர்த்துகின்றது. அங்கே வாழும் நற்கிருமிகளுக்கு உணவாகி, குடலின் உட்சுவரைப் போஷிக்கும் பொருட்களை உண்டாக்குகின்றது. முழுத்தானியமும் நார்ச்சத்தும் உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாகவே ஏற்படுகின்றது என்பது உணவு தொடர்பான ஆய்வுகளில் உறுதிபெற்ற செய்திகளுள் ஒன்று. நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தும், மரக்கறியும் பழமுமாக 400 கிராமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வெள்ளை மாவில் சுட்ட பராட்டாவும் ரோல்ஸும் இந்த அளவின் அருகிலும் வரமாட்டா.

நள்ளிரவுப் பசிக்கு அவித்த கடலையோ, தேங்காய்ப்பூ தூவிய பயறோ ஒரு சிறு டப்பாவில் இருக்கட்டும். ஒரு கொய்யாப்பழம், இரண்டு வாழைப்பழம், கையளவு கச்சான். கச்சானில் பூஞ்சணம் பிடித்தோ கசந்தோ இருந்தால் அதை வீசிவிட வேண்டும். அத்தகைய பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலுக்குப் புற்றுநோயைத் தரவல்லது. தேநீருக்குப் பதிலாகச் சில வேளைகளில் வெறும் தண்ணீர். காலையில் வந்ததும் ஒரு கோப்பை இலைக்கஞ்சி. அவசரப் பணி எந்நேரமும் அழைக்கும் என்பதனால், ஒரு கையால் உண்ணக் கூடியதும், பாதியில் மூடி வைத்தால் கெடாததுமான உணவே பொருத்தமானது. எனவேதான் மீன் கறியை மாலையிலும் கடலையை நள்ளிரவுக்குமாகப் பிரித்துச் சொன்னேன்.

இறைச்சி ஹராமாக்கப்பட்டதொன்றன்று, அதை எவரும் ஹராமாக்கவும் முடியாது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியைச் சமைத்த நிறையில் வாரத்திற்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் கூறுகின்றது. நமது வலீமாக்களில் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து எழுந்திருப்பவர், ஒரு வாரப் பங்கின் பெரும் பகுதியை ஒரே அமர்வில் முடித்திருப்பார். கல்யாண வீட்டை நான் குறை சொல்லவில்லை. அடுத்த சில நாட்களுக்கு மீனும் பருப்புமாக இருந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

ஆனால் சொசேஜின் விடயம் வேறு. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் அதிகரிப்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. நூற்றில் 18 பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. உண்ணாதவருக்கு இருக்கும் வாய்ப்பின் மீது அந்த அளவு கூடுகின்றது என்பதே பொருள். இளைஞர்களே! பொதியில் ஹலால் இலச்சினை உள்ளதா என்று திருப்பிப் பார்க்கின்றீர்கள். அல்ஹம்துலில்லாஹ், அது கட்டாயம் பார்க்கப்பட வேண்டியது. அதே பொதியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் உப்பின் அளவையும் நைத்திரைற்று என்ற சொல்லையும் வாசித்ததுண்டா? சூரத்துல் பகராவின் 168ஆம் வசனத்தில் மனித குலத்தை விளித்துப் பேசும் அல்லாஹுத்தஆலா, ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும் இருப்பதையே உண்ணுமாறு பணிக்கின்றான். தய்யிப் என்றால் தூய்மையானது, நலம் பயப்பது. முதற்சொல்லுக்காக எத்தனையோ மேடைகள் போட்டோம். இரண்டாவது சொல்லுக்கு நமது மிம்பர்களில் கிடைத்த நேரம் மிகக் குறைவு.

கருகிய இறைச்சியைப் பற்றியும் ஒரு சொல். நேரடித் தணலில் வாட்டி, கறுத்துப்போன இறைச்சியில் உண்டாகும் சில நச்சுப் பொருட்கள் புகைக்கரியில் இருக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பகலில் அதைச் சுவாசித்தவர் மாலையில் அதையே ஏன் உண்ண வேண்டும்? வேகவைத்தோ கறியாகவோ சமைப்பது மேல். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுகள் இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடையவை என்பதனால், கருவாடு தினசரி உணவாகாமல் எப்போதாவது ஒரு முறை தொட்டுக்கொள்வதாக இருக்கட்டும்.

நேயர்களே! உறக்கத்தை விரட்டுவதற்காக இரவுப் பணியாளர்கள் பலர் வாயில் வெற்றிலையும் பாக்கும் அடக்கிக்கொள்கிறார்கள். சிலர் பாபுல் வாங்கி மெல்கிறார்கள். இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை சேர்த்தால்தான் தீங்கு என்ற எண்ணம் இன்னும் நம்மவரிடையே பரவலாக உள்ளது. கொட்டைப் பாக்கே தனித்துப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று 2004ஆம் ஆண்டு வெளியான முடிவு சொல்கின்றது. பெரியவர்கள் வெற்றிலை வட்டாவை முன்வைத்து உபசரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது கடினம். வட்டாவை முன்றானையால் மூடி வைப்பது உம்மாவின் கையில் இருக்கின்றது. சிகரட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? கரிப்புகையை விழுங்கும் தொழில் செய்பவர் அதன் மேல் புகையிலைப் புகையையும் விழுங்குவாராயின், எந்தக் கீரையும் அவருக்குத் துணை நிற்காது. தேநீர் குடிப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட கொதிப்புடன் பானங்களை அருந்தும் வழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயுடன் தொடர்புபடக் கூடும் என்று 2016இல் கூறப்பட்டது. மணி அடித்துவிடுமோ என்ற அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க விழுங்குவதை விட, ஆறவிட்டுப் பாதியைக் குடிப்பது சிறந்தது.

கவலையோடு குறிப்பிட வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தால் நம் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை விற்றுப் பிழைப்போர் இருக்கிறார்கள். புற்றுநோயைத் தடுக்கும் மாத்திரை என்றும், நபிவழி மருத்துவம் என்று பெயர் சூட்டிய போத்தல் என்றும் விற்கிறார்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பு ஸஹீஹான ஹதீஸில் வந்திருப்பதை நாம் ஏற்கின்றோம். அதனை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஹதீஸைக் காட்டி வைத்தியசாலைக்குப் போகாதே என்று ஒருவர் கூறுவாராயின், அவர் மார்க்கத்தையும் அறியவில்லை, மருத்துவத்தையும் அறியவில்லை. நோய்க்கு மருந்து செய்யுமாறு ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே.

மாத்திரையைப் பற்றி உலகம் ஒரு கசப்பான பாடத்தைக் கற்றிருக்கின்றது. காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்து, அவற்றை உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்குக் காரணமாயிருக்கலாம் என எண்ணி, அதனை மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது: மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் புகைபிடிப்போரையும் கல்நார்த் தூசியில் வேலை செய்தோரையும் வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், பீட்டா கரோட்டினோடு உயிர்ச்சத்து ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கும் 28 சதவீதம் கூடியிருக்கக் கண்டு, 1996 ஜனவரியில் ஆய்வை இடைநடுவில் நிறுத்திவிட்டார்கள். தூசியையும் புகையையும் சுவாசித்த நுரையீரல்களுக்கு நேர்ந்தது இது. காரட்டை உண்டவருக்கு இந்தத் தீங்கு நேரவில்லை. எனவே புகையோடு போராடும் தொழிலில் உள்ள உங்கள் மகனுக்கு அன்பின் மிகுதியால் செறிவூட்டிய மாத்திரைப் போத்தல்களை வாங்கிக் கொடுக்கும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்குப் பழம் வாங்கலாம்.

உண்பதற்கு முன் கை கழுவும் ஒழுக்கத்தைச் சிறுவயதிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கின்றோம். தீயணைப்பு வீரருக்கு அது ஒழுக்கம் மாத்திரமன்று, பாதுகாப்பும் ஆகும். கையிலும் கழுத்திலும் முகத்திலும் படிந்த கரி, தோலினூடாகவும் உள்ளே செல்லும், உணவோடு வாயினூடாகவும் செல்லும். எரிந்த இடத்தில் நின்றவாறே யாரோ நீட்டிய பணிஸை அழுக்குக் கையோடு பிய்த்து உண்பதைக் காண்கின்றோம். ஊரார் அன்போடு கொடுப்பது அது. வேண்டாம் என்று கூற மனம் வராது. முதலில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் கொடுங்கள், பிறகு உணவைக் கொடுங்கள். உணவுப் பொதியைக் கரி படிந்த அங்கியோடு ஒரே இடத்தில் வைக்கலாகாது. அந்த அங்கியோடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்குவதும் கூடாது.

புனித ரமழானில் நமது இல்லங்களில் நோன்புக் கஞ்சி கொதிக்கின்றது. அது நல்ல உணவு. அதைச் சுற்றி நாம் அடுக்கும் சமோசா, ரோல்ஸ், கட்லட், சர்பத் ஆகியவைதான் யோசிக்க வேண்டியவை. பதின்மூன்று மணி நேரம் வெறுமையாக இருந்த வயிற்றில் எண்ணெயை நிரப்பிவிட்டு இரவுக் கடமைக்குச் செல்பவரின் நிலை என்னவாகும்? வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியின் கருத்தை மிக்தாம் பின் மஃதீகரிப் (ரழி) அவர்களின் வாயிலாக இமாம் திர்மிதி பதிவு செய்துள்ளார்கள். மூச்சுக்கு ஒரு பங்கு என்ற அந்த வார்த்தையைப் படிகளில் ஏணி சுமந்து ஏறுபவரை விட நன்கு உணரக் கூடியவர் யார்? பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, பின்னர் மக்ரிப் தொழுகை. அதன் பிறகு அளவான சோறு. ஸஹரில் சிவப்பரிசியோ குரக்கனோ இருந்தால் பசி தாங்கும். ஓர் உயிரை மீட்கும் பணியில், நோன்பை விட்டாலன்றி அதனை நிறைவேற்ற முடியாத நிலை ஏற்படுமாயின், அதனை விட்டுப் பின்னர் கழாச் செய்வதற்கு மார்க்கத்தில் வழியுண்டு என்பதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு விட்டவரை எவரும் ஏளனம் செய்யலாகாது.

பள்ளிவாசல் நிருவாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளமும் மண்சரிவும் வரும்போதெல்லாம் நமது பள்ளிகள் சமைத்துக் கொடுக்கின்றன; மாஷா அல்லாஹ், இன மத பேதமின்றிக் கொடுக்கின்றன. அந்தப் பொதிகளில் பெரும்பாலும் நெய்ச்சோறும் இறைச்சியும் இருக்கின்றன. ஒரு வேளைக்கு அது சரி. மீட்புப் பணி ஒரு வாரம் தொடர்ந்தால், மீட்பாளர்களுக்கான பொதியில் பருப்பும் மரக்கறியும் ஒரு பழமும் இருக்கட்டும். அத்தோடு தீயணைப்பு நிலையத்தில் அல்லது அம்பியூலன்ஸ் தரிப்பிடத்தில் கடமை புரிவோருக்கு உணவைச் சூடாக்க ஓர் அடுப்போ, கெடாமல் வைக்க ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டியோ இல்லாதிருக்கலாம். கடைத் தீனியைத் தவிர வேறு வழியில்லாமல் அவர்கள் இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஸதகா செய்ய விரும்பும் வர்த்தகர்கள் விசாரித்துப் பார்க்கட்டும். அங்கே கடமையிலிருப்பவர் எந்த மதத்தவர் என்பது இதில் கேள்வியே அன்று. நமது வீடு எரிந்தபோது அவர் அதைக் கேட்கவில்லை.

இத்தொழிலில் இருப்பவர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் ஒன்றைக் கூறுகின்றேன். சிறுநீரில் இரத்தம் கண்டால், அது வலியின்றி ஒரே ஒரு நாள் வந்து நின்றுவிட்டாலும், வைத்தியரிடம் செல்லுங்கள். மலம் கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, வாயில் தோன்றிய புண்ணோ வெண்படலமோ மூன்று வாரம் கடந்தும் ஆறாவிட்டாலோ, மூலம் என்றும் சூடு என்றும் நாமாகவே முடிவுகட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டாம். எத்தனை ஆண்டுகள் தீயணைப்பில் பணியாற்றினீர்கள், எத்தனை ஆண்டுகள் இரவுக் கடமை செய்தீர்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். ஆண்கள் பலர் இதை வீட்டிலும் சொல்வதில்லை. உணவுப் பொதியைக் கட்டித் தருபவர்தான் அதை முதலில் கவனிக்கக் கூடியவர்: பொதி பாதி உண்ணப்படாமல் திரும்பி வரும்போது, வேலை அதிகம் என்ற பதிலோடு நின்றுவிடாமல், இன்னொரு முறையும் கேளுங்கள்.